பழசெண்டால் ஆருக்குப் பழசு, பிள்ளை?

பிள்ளை, உங்கடை பள்ளிக்கூடத்து ஸ்ராஃப் ரூமிலை இப்ப ரண்டு கட்சியாம். பெட்டையளை வரிசையிலை இருத்திப் பாடமாக்க வைச்சால்தான் படிப்பு ஏறும் எண்டு ஒரு கட்சி. மேசையளை வட்டமாய்ப் போடுங்கோ, அவளவை தாங்களாய்த் தேடிக் கண்டுபிடிக்கட்டும், ரீச்சர் வாய் திறக்கப்படாது எண்டு மற்றக் கட்சி. ரண்டையும் சமன்படுத்திறது எப்பிடியெண்டு அறிக்கை எழுதித் தா எண்டு தலைமை ரீச்சர் உன்ர தலையிலை கட்டிவிட்டிட்டா. நீயும் லப்ரொப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு நகத்தைக் கடிக்கிறாய். எட்டாம் வகுப்போடை புகையிலைத் தோட்டத்துக்குப் போன கிழவனிட்டை இதையெல்லாம் கேக்க ஏலுமோ எண்டு யோசிக்கிறாய் போலை. கேள். கட்டணம் ஒண்டும் இல்லை, ஒரு பிளேன்ரீ காணும். சீனியைக் கொம்மா காணாமல் போடு.

முதல் எனக்கொரு சந்தேகம். பழசு பழசு எண்டு ரண்டு கட்சியும் கத்துகினமே, அது ஆற்றை பழசு? பெடியனுக்குப் பழசாய்ப் போனதெல்லாம் பெட்டைக்கும் பழசு எண்டு ஆர் தீர்மானிச்சது?

இந்த லண்டனிலை 1850இலை பிரான்சிஸ் மேரி பஸ் எண்டொரு அம்மா காம்டனிலை பெண்பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினவ. இண்டைக்கு நோர்த் லண்டன் கொலிஜியேற் எண்டு பேர் கேட்டாலே எங்கடை சனம் எழும்பி நிக்குதே, அதுதான். அந்தக் காலத்திலை வசதியான வீட்டுப் பெட்டைக்குப் படிப்பெண்டால் பியானோ, பூத்தையல், வாய்க்கு நாலு பிரெஞ்சுச் சொல், வந்த விருந்தாளிக்கு முன்னாலை வடிவாய் இருக்கப் பழகிறது. அவ்வளவுதான். 1863இலை எமிலி டேவிஸ் எண்ட அம்மா வாதாடிக் கேம்பிரிட்ஜ்க்காரரின்ர சோதினையைப் பெட்டையளும் ஒருக்கா எழுதிப் பார்க்க வழி பண்ணினா. மேல்வகுப்பிலை எழுதினது 40 பேர். எண்கணிதத்திலை கோட்டை விட்டது 34 பேர். பஸ் அம்மாவின்ர பெட்டையளும் அதுக்குள்ளை. அவ மூலையிலை இருந்து அழேல்லை. கணக்குப் படிப்பிக்கிற விதத்தை அடியோடை மாத்தினா. பேந்து அரசாங்கம் வைச்ச விசாரணைக் கமிசனும் 1868இலை அதையேதான் எழுதினது: பெண்பிள்ளையளின்ர பள்ளியளிலை அத்திவாரம் இல்லை, மினுக்குத்தான் கூட.

இப்ப யோசிச்சுப் பார். கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பழக்கிறது, இலக்கணத்தைப் பாடமாக்கிறது, நேரம் வைச்சுச் சோதினை எடுக்கிறது எல்லாத்துக்கும் உங்கடை ஸ்ராஃப் ரூமிலை 'பழைய முறை' எண்டுதானே பேர்? 1863இலை ஒரு பெட்டைக்கு அதுதான் புரட்சி. அதைக் கண்டு பெரிய பெரிய ஆம்பிளையள் பயந்தவை. 1874இலை ஹென்றி மோட்ஸ்லி எண்ட வைத்தியர், பெண்டுகள் மூளையைக் கூடப் பாவிச்சால் உடம்பு கெட்டுப்போகும் எண்டு பத்திரிகையிலை எழுதினவர். டென்மார்க் ஹில்லிலை மனநோய் ஆஸ்பத்திரி இருக்கெல்லே, அது அவற்றை பேரிலைதான். அதே வரியம் எலிசபெத் காரெற் அண்டர்சன் எண்ட பெண் வைத்தியர் மறுமொழி குடுத்தா: படிப்பாலை கெட்ட பெட்டையளைவிட வேலையில்லாமல் வீட்டுக்குள்ளை சும்மா இருந்து கெட்டவையள்தான் கனபேர் எண்டு. நல்ல அடி. எனக்கு அந்த அம்மாவைப் பிடிச்சுக்கொண்டுது.

எங்கடை ஊர்ப் பக்கமும் உதே கதைதான். என்ர அப்புவின்ர காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொப்பர் கண்ணீர் விட்டுக் கதைப்பார். சட்டம்பியார், மணல், ஏடு, வாய்ப்பாடு, ஆகா ஓகோ. அந்தத் திண்ணையிலை எத்தினை பெட்டையள் இருந்தவை எண்டு ஒருக்கா அவரிட்டைக் கேள், கதையை மாத்துவார். உடுவிலிலை அமெரிக்க மிசன்காரர் 1824இலை பெண்பிள்ளையளை விடுதியிலை வைச்சுப் படிப்பிக்கத் தொடங்கேக்கை, பெட்டைக்குப் படிப்பு என்னத்துக்கு எண்டுதான் ஊர் கேட்டது. மருதனார்மடத்திலை இராமநாதன் கல்லூரி 1913இலை. 1945இலை இலவசக் கல்வி வந்து பேந்துதான் எங்களைப் போலை தோட்டக்காரற்றை பெட்டையளுக்கும் வாசல் திறந்தது. அப்பிடித் திறந்தும் என்ன, சாமத்தியப்பட்ட உடனை என்ர அக்காவை ஐயா மறிச்சுப்போட்டார். அவவோ, சிப்பம் கட்டின புகையிலைக்குத் தரகர் விலை சொல்லி முடிக்க முந்தி மொத்தத்தைச் சொல்லிப்போடுவா. எனக்குக் கால் விரலும் வேணும். பள்ளிக்கூடத்துக்குப் போனது ஆர்? நான். ஆனபடியால், எங்கடை பெட்டையளுக்குப் 'பாரம்பரிய முறை' எண்டு ஆரும் சொன்னால் நான் உடனை யோசிக்கிறது அடுப்படியைத்தான்.

சரி, நீ புதுசு கேக்கிறாய். அதுக்கு வெளியூர் போகத் தேவையில்லை, ரூட்டிங்கிலை எங்கடை வீட்டிலையிருந்து நடந்து போற தூரம். வெல்ஹாம் ரோட்டிலை கிரேவ்னி பள்ளிக்கூடம் இருக்கெல்லே? அந்த இடத்திலைதான் முந்தி ஸ்ரெதம் கவுண்ரி பெண்கள் பள்ளிக்கூடம். தலைமை ரீச்சர் ரோசா பாசெற். 1920இலை அந்த அம்மா செய்த வேலையை நான் வாசிகசாலையிலை இருந்து வாசிச்சுப்போட்டு, கண்ணாடியைத் துடைச்சு இன்னொருக்கா வாசிச்சன்.

அமெரிக்காவிலை ஹெலன் பார்க்ஹர்ஸ்ற் எண்ட ரீச்சர் கண்டுபிடிச்ச முறை. மசாசூசெற்ஸிலை டால்டன் எண்ட ஊரிலை நடத்தினபடியால் டால்டன் திட்டம் எண்டு பேர். பாடத்துக்குப் பாடம் மணியடிச்சு ஆட்டுப்பட்டி மாதிரி ஓட்டிறதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு அறை, அறைக்குள்ளை அந்தப் பாடத்து ரீச்சர், சுத்திவரப் புத்தகம். ஒரு மாசத்து வேலையை எழுதிக் கையிலை குடுத்துவிடுவினம். இண்டைக்கு வரலாறு படிக்கப் போறியோ, கணக்குப் போடப் போறியோ, அது உன்ர விருப்பம். விளங்காட்டில் ரீச்சரிட்டைப் போய்க் கேள். செய்து முடிச்சதை ஒரு அட்டையிலை கோடு கீறிக் காட்டு. ரோசா பாசெற் இதைத் துணிஞ்சு தன்ர பள்ளிக்கூடத்திலை இறக்கினா. பேந்து பார்க்ஹர்ஸ்ற் அம்மா புத்தகம் போடேக்கை, ஸ்ரெதத்துக் கதையை அதிலை ஒரு அத்தியாயமாய் எழுதியும் குடுத்தா.

'பார்த்தியே அப்பு, சுதந்திரம்!' எண்டு துள்ளாதை, இரு. அந்தத் திட்டத்துக்குள்ளை ஒரு பூட்டு இருக்கு, அதை ஆரும் மேடையிலை சொல்லுறதில்லை. இந்த மாசத்து வேலை எல்லாப் பாடத்திலையும் முடியாமல் அடுத்த மாசத்து வேலையை எந்தப் பாடத்திலையும் தொட விடமாட்டினம். இங்கிலிசிலை பறந்துகொண்டு கணக்கைக் கட்டிலுக்குக் கீழை தள்ளிவிட ஏலாது. இவ்வளவையும் செய்வன் எண்டு பிள்ளை ஒப்பந்தமும் பண்ணவேணும். சுதந்திரம் எண்டு சொல்லிக் கையெழுத்து வாங்கிப்போட்டினம், வலு கெட்டிக்காரர்! பாடத்திட்டத்திலை கை வைக்கேல்லை, சோதினையிலும் கை வைக்கேல்லை. ஆர் எப்ப எதைப் படிக்கிறது எண்டதை மட்டும் பெட்டையின்ர கையிலை குடுத்தினம். இங்கிலாந்திலை டால்டனை எடுத்த கனக்கப் பள்ளிக்கூடங்கள் அதையும் முழுசாய் எடுக்கேல்லை. வகுப்புப் பாடத்தை ஒரு பக்கம் வைச்சுக்கொண்டு மிச்ச நேரத்தைத்தான் விட்டுக்குடுத்தவை. உன்ர தலைமை ரீச்சர் கேக்கிற 'சமநிலை' நூறு வரியத்துக்கு முந்தியே இந்த ரோட்டிலை நடந்து போயிருக்கு, பிள்ளை.

இன்னும் ஒரு வேடிக்கை கேள். பார்க்ஹர்ஸ்ற் அம்மாவுக்கு இந்த யோசனை எங்கையிருந்து வந்தது? 1904இலை ஒரு பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடத்திலை அவ தனிய நிண்டு படிப்பிச்சவ. ஒரே அறை, 40 பிள்ளையள், எட்டு வகுப்பு. ஒரு வகுப்போடை கதைக்கேக்கை மற்ற ஏழையும் என்ன செய்யிறது? வேலையைக் குடுத்துத் தாங்களாய்ப் படிக்க விட்டா. வேறை வழியில்லை. என்ர அப்பு இருந்த திண்ணையும் உதுதானே! ஒருத்தன் மணலிலை 'அ' எழுதுவான், பக்கத்திலை இருக்கிறவன் வாய்ப்பாடு சொல்லுவான், மூத்தவன் சின்னவனுக்குச் சொல்லிக் குடுப்பான், சட்டம்பியார் வெத்திலை போட்டுக்கொண்டு எல்லாத்திலையும் ஒரு காது வைச்சிருப்பார். அவனவன் அவனவன்ர வேகத்திலை போவான். புதுசு புதுசு எண்டு ஒரு கட்சி தூக்கிப் பிடிக்கிறதிலை பாதி, மற்றக் கட்சியின்ர பாட்டன் வெத்திலை துப்பின இடத்திலை கிடந்தது.

அதை வெள்ளைக்காரன் காணேல்லை எண்டும் நினையாதை. அன்ட்ரூ பெல் எண்ட பாதிரியார் 1789இலை சென்னை எழும்பூரிலை, தாய் தகப்பன் இல்லாத பட்டாளத்துப் பெடியளின்ர விடுதிக்குப் பொறுப்பாய் வந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடம் ஒண்டிலை பிள்ளையள் மணலிலை விரலாலை எழுதிறதைக் கண்டார். தன்ர வாத்திமார் அதைச் செய்ய மாட்டம் எண்டு நிண்டினம், அவைக்குக் கௌரவக் குறைச்சல். அவர் ஒரு பெடியனைப் பிடிச்சு மற்றப் பெடியளுக்குப் படிப்பிக்க விட்டார். 1797இலை லண்டனிலை அதைப் புத்தகமாய்ப் போட்டார், அடுத்த வரியம் ஓல்ட்கேற்றிலை ஒரு பள்ளிக்கூடத்திலை தொடங்கியாச்சு. 'மெட்ராஸ் முறை' எண்டு பேரும் வைச்சினம். செத்தாப் பிறகு பெல்லை வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயிலை அடக்கம் பண்ணினவை. அந்த மணல் சட்டம்பியாரை எங்கை எரிச்சினமோ, ஆருக்குத் தெரியும்? 2003இலை சென்னை மாநகராட்சிப் பள்ளியளிலை பிள்ளையள் நிலத்திலை இருந்து, அட்டை அட்டையாய் எடுத்து, தங்கடை வேகத்திலை படிக்கிற முறை வந்தது. ஆந்திராவிலை ரிஷிவேலிக்காரர் கிராமத்துப் பிள்ளையளுக்குச் செய்ததைப் பார்த்து எடுத்தது. உடனை சனம் கேட்டதென்ன? 'உதென்ன கண்டறியாத புதுமுறை?'

இந்த நாட்டுக்காரருக்கும் ஒரு பக்கமாய் நிக்க ஏலாது. 1967இலை பிளவ்டன் அறிக்கை, பிள்ளையைச் சுத்தித்தான் படிப்பு எண்டு சொல்ல எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினவை. 1970களின்ர நடுவிலை இஸ்லிங்ரனிலை வில்லியம் ரின்டேல் பள்ளிக்கூடத்திலை சில வாத்திமார் அதை முறுக்கின முறுக்கிலை, தாய் தகப்பன்மார் பிள்ளையளைக் கழட்டிக்கொண்டு போக, 1976இலை விசாரணை அறிக்கை. இப்ப நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கம்பியூட்டரிலை வாய்ப்பாட்டுச் சோதினை, 25 கேள்வி, கேள்விக்கு 6 செக்கன். வெம்பிளியிலை மைக்கேலா எண்ட பள்ளிக்கூடம், 2014இலை கத்தரீன் பிர்பல்சிங் தொடங்கினது. நடைபாதையிலை பிள்ளையள் மூச்சு விடப்படாது, வரிசை, மனனம். ஆனால் பிள்ளையளின்ர முன்னேற்றத்தை அளக்கிற கணக்கிலை 2022, 2023, 2024 மூண்டு வரியமும் இங்கிலாந்திலையே முதலிடம். அது ஆம்பிளையும் பெட்டையும் கலந்த பள்ளிக்கூடம், அதை வைச்சு உன்ர பள்ளிக்கூடத்தை அளக்கேலாது, எண்டாலும் ஒண்டை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்: வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆரும் வீட்டிலை சொல்லிக்குடுக்க இல்லையெண்டால், பள்ளிக்கூடம்தான் வாயாலை சொல்லிக் குடுக்கவேணும். 'நீயாய்க் கண்டுபிடி' எண்டால் அந்தப் பிள்ளை எதை வைச்சுக் கண்டுபிடிக்கும்? ஊரிலை துலா மிதிக்கிறவன் முன்னுக்கும் நடப்பான், பின்னுக்கும் நடப்பான், அப்பத்தான் வாளி இறங்கி ஏறும். எந்தப் பக்கம் நிக்கிறது சரி எண்டு துலாவிலை நிண்டு வாதாடினவன்ர வெங்காயம் காய்ஞ்சுபோச்சு.

எங்கடை சனம் இதிலை வலு சுழியர். கொம்மான்ர சின்னவளைப் பாரன். திங்கள் தொடக்கம் வெள்ளி மட்டும் பள்ளிக்கூடத்திலை குழுவேலை, புரொஜெக்ற், எரிமலைக்குச் சோடா மா. 'எவ்வளவு முற்போக்கு!' எண்டு தகப்பனுக்குப் புழுகம். சனிக்கிழமை விடிய, கடைக்கு மேலை மாடி அறையிலை ரியூசன், மணிக்கூடு வைச்சு வினாத்தாள், பிழைச்சால் திருப்பி எழுது. கிங்ஸ்ரனிலை இருக்கிற ரிஃபின் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எடுபடவேணுமாம். செப்ரெம்பர் சோதினைக்கு முந்தி விம்பிள்டன் பிள்ளையாருக்கு நேத்தி வேறை. அந்தப் பேருக்குரிய ரிஃபின் சகோதரர் ரண்டுபேரும் பதினேழாம் நூற்றாண்டிலை பியர் காய்ச்சி வித்த காசைத்தான் படிப்புக்கு எழுதி வைச்சவை. பிள்ளையாருக்கு அது தெரியாமலிருக்குமோ? தெரிஞ்சும் தேங்காயை வாங்கிறார். மணியை நிப்பாட்டின ரோசா பாசெற்றின்ர பள்ளிக்கூடத்துக்குப் பேந்து அவவின்ர பேரையே வைச்சினம். 1977இலை பாட்டர்சீ கிராமர் பெடியளோடை சேர்த்து ஒண்டாக்கி, 1986இலை அது கிரேவ்னி ஆச்சு. இப்ப அங்கையும் ஒரு பங்கு இடத்துக்கு ஆறாம் வகுப்பிலை நேரம் வைச்ச சோதினை. எங்கடை பிள்ளையள் வரிசையிலை நிக்குதுகள்.

அறிக்கைக்கு வா எண்டுதானே முழிக்கிறாய்? வாறன். ஆனால் நீ 50 சதவீதம் பழசு, 50 சதவீதம் புதுசு எண்டு கூறு போட்டு எழுதினியெண்டால் நான் உன்னைப் பேத்தி எண்டு வெளியிலை சொல்லமாட்டன். உது சமையல் குறிப்பு. பெட்டையளைப் பார்த்து எழுது. ஏழாம் வாய்ப்பாட்டிலை தடுமாறுறவளிட்டைப் பின்னக்கணக்கைக் 'கண்டுபிடி' எண்டு விட்டால், அவள் கண்டுபிடிக்கிறது தான் மொக்கு எண்டதை மட்டும்தான். அவளைப் பாடமாக்க வை, வெக்கப்படாதை. பக்கத்திலை இருக்கிறவள் எல்லாத்தையும் பாடமாக்கி 98 எடுத்து வைச்சிருக்கிறாள். ஏன் இப்பிடிச் செய்யிறாய் எண்டு கேட்டால் 'ரீச்சர் சொன்னவ' எண்டுவாள். அவளுக்குப் பாடமாக்கிறதை மறிச்சுப்போட்டு, பிழையாய்ப் போட்ட கணக்கொண்டைக் குடுத்து எங்கை பிழை எண்டு தேடவிடு. அழுவாள். அழட்டும், ரண்டு கிழமையிலை சரிவந்திடும்.

பெண்பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் எண்டபடியால் இன்னொண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு அமைதியான பெட்டை இருப்பாள், வடிவான எழுத்து, கோடு போட்ட கொப்பி. வரிசையிலை இருத்தினால் அவளுக்குக் 'குழப்படி இல்லாத பிள்ளை' எண்டு பாராட்டு. வட்டத்திலை இருத்தினால் வாய்க்காரியள் மூண்டுபேர் யோசிப்பினம், இவள் தலைப்புக்குக் கலர் அடிப்பாள். ரண்டு முறையிலும் அவளுக்கு ஒண்டும் விளங்கேல்லை எண்டது ஆருக்கும் தெரியவராது. எங்கடை வீடுகளிலை பெட்டையளைக் குனிஞ்ச தலையாய் வளர்த்துப்போட்டு அனுப்புறம், அது உங்கடை வகுப்பிலை ஒழுக்கம் எண்டு கணக்கிலை ஏறுது. உன்ர ரண்டு கட்சிக்காரரிட்டையும் அந்தப் பெட்டையின்ர பேர் என்ன எண்டு கேட்டுப் பார். பேர் தெரிஞ்ச கட்சியோடை சேர்.

ரோசா பாசெற்றின்ர கதையிலை எனக்கு மனசிலை நிண்டது சுதந்திரமும் இல்லை, கோடு கீறின அட்டையும் இல்லை. டால்டன் எடுத்த இடமெல்லாம் ரீச்சர்மார் சொன்ன முறைப்பாடு: ஒவ்வொரு மாசமும் வேலை எழுதிக் குடுக்கவேணும், பிள்ளைக்குப் பிள்ளை வேறை வேறை இடத்திலை நிக்கும், திருத்தித் திருத்திக் கை ஓய்ஞ்சு போகும். புதுமுறை எண்டால் ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறது எண்டு நினைக்கிறவை ஒருக்காலும் அதைச் செய்து பார்த்திருக்க மாட்டினம். பழையமுறை சுகம் எண்டு நினைக்கிறவையும் நாப்பது பெட்டையளின்ர ஒரே பிழையை நாப்பது தரம் திருத்தினவை இல்லை.

ஆனபடியால் அறிக்கையின்ர முதல் பக்கத்திலையே எழுது, கடைசியிலை ஒளிச்சு வைக்காதை: ரீச்சருக்குக் கொப்பி திருத்தவும், விளங்காத பிள்ளையைத் தனிய இருத்திச் சொல்லிக்குடுக்கவும் கிழமைக்கு இத்தினை மணித்தியாலம் வகுப்பில்லாமல் விடவேணும் எண்டு. தலைமை ரீச்சர் அதுக்கு ஓம் எண்டால் எந்த முறையை வேணுமெண்டாலும் தொடங்கு. மாட்டன் எண்டால், மேசையளை வட்டமாக்கிறதும் வரிசையாக்கிறதும் துப்புரவுக்காரருக்கு மட்டும்தான் வேலை, நீ அந்த லப்ரொப்பை மூடிப்போட்டுப் போய்ப் படு.